தும்மலும் நம் தொழிலும்



நமது இதழில் வரி விவகாரம், தராசு முத்திரை, உணவு உரிமம் என்று எத்தனையோ படிக்கிறோம். மூக்கைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு எந்த மளிகை வீதியில் நடந்தாலும் முதலில் காதில் விழுவது தும்மல் சத்தம்தான். ஷட்டரைத் தூக்குகிறோம், பெருக்குகிறோம், மூட்டையை இழுத்துப் போடுகிறோம், வரிசையாகப் பத்துத் தும்மல். பிறகு ஒரு டீ. இதை ஒரு நோய் என்று நாம் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

நான் டாக்டர் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து 1977இல் விருதுநகரில் அப்பாவோடு கடையில் உட்கார்ந்தவன். பருப்பு, மல்லி, வத்தல், கோதுமை மொத்த வியாபாரம். இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கடையில் தானியப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் உண்டு. பதினெட்டு வயதில் வேலைக்கு வந்தவர். ஐந்தாறு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. அதன் பிறகுதான் ஆரம்பித்தது. "அண்ணாச்சி, கோதுமை மூட்டையைப் பிரிச்சாலே மூக்குல தண்ணியாக் கொட்டுது" என்பார். "தூசிதாண்டா நமக்குச் சந்தனம், பழகிப்போகும்" என்பேன். என் அப்பா என்னிடம் சொன்னதையே நான் அவரிடம் சொன்னேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு கார்த்திகை மழை இரவில், கிட்டங்கியில் லாரிச் சரக்கை இறக்கி முடித்ததும், மனிதருக்கு மூச்சு முட்டிப் பேச்சே வரவில்லை. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் சொல்ல முடியவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்த டாக்டர் என்னைப் பார்த்து, "தும்மல் எத்தனை வருஷமா இருக்குங்க ஐயா?" என்று கேட்டார். இரண்டு வருஷம் என்றேன். "ரெண்டு வருஷமா மூக்கு சொல்லிக்கிட்டிருந்திருக்கு. யாரும் கேக்கலை, இப்ப நெஞ்சுக்கு இறங்கிடுச்சு" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிக் கேட்கவும் படிக்கவும் தொடங்கினேன்.

வைக்கோலும் இல்லை, காய்ச்சலும் இல்லை

இந்த நோய்க்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் 'வைக்கோல் காய்ச்சல்'. ஜான் பாஸ்டாக் என்ற ஆங்கில மருத்துவர் 1819இல் லண்டன் மருத்துவர் சபையில் ஒரு நோயாளியின் கதையைப் படித்தார். ஒவ்வொரு கோடையிலும் கண் அரிப்பு, அடுக்குத் தும்மல், மூக்கொழுகல், நெஞ்சு இறுக்கம். அந்த நோயாளி வேறு யாருமல்ல, அவரேதான். புல் அறுத்துக் காயப்போடும் காலத்தில் வருவதால் ஊரார் வைக்கோலைக் குற்றம் சொன்னார்கள். பாஸ்டாக்கோ வெயிலைக் குற்றம் சொன்னார். இரண்டுமே சரியில்லை.

விடை சொன்னவர் மான்செஸ்டர் நகரத்து மருத்துவர் சார்லஸ் பிளாக்லி. அவருக்கும் அதே நோய். தன் தோலைக் கீறி அதில் புல்லின் மகரந்தத்தைத் தேய்த்துப் பார்த்தார். அந்த இடம் தடித்து அரித்தது. பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு, வானத்தில் எவ்வளவு மகரந்தம் மிதக்கிறது என்று எண்ணினார். 1873இல் புத்தகமாகவே போட்டுவிட்டார். பூக்கும் புல்லின் பொடிதான் காரணம். வைக்கோலும் இல்லை, காய்ச்சலும் இல்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 'அலர்ஜி' என்ற சொல்லே அதற்குப் பிறகு 1906இல் வியன்னாவைச் சேர்ந்த பிர்க்கே என்ற டாக்டர் உண்டாக்கியது. நாம் ஒவ்வாமை என்கிறோம்.

ஒவ்வாமை என்றால் உடம்பில் என்ன நடக்கிறது? கடைக்குப் புதிதாக ஒரு காவல்காரரை வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தினமும் வரும் நல்ல வாடிக்கையாளர் ஒருவரை அவர் திருடன் என்று தப்பாக முகக்குறிப்பு எடுத்துக்கொள்கிறார். முதல் நாள் ஒன்றும் நடக்காது. அடுத்த முறை அந்த முகம் தெரிந்ததும் விசில் ஊதி ஊரைக் கூட்டிவிடுகிறார். நம் ரத்தத்தில் உள்ள ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருள்தான் அந்த முகக்குறிப்பு. மூக்கின் உள்தோலில் உள்ள சில செல்கள் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுவதுதான் விசில். தும்மல், அரிப்பு, நீர், அடைப்பு எல்லாம் அதனால் வருபவை. குறிப்பெடுக்கக் காவல்காரருக்குச் சில மாதமும் ஆகலாம், சில வருஷமும் ஆகலாம். எங்கள் தம்பி ஐந்தாறு வருஷம் நன்றாக இருந்து அதன்பின் தும்மத் தொடங்கியது இதனால்தான். 'பழகிப்போகும்' என்று நான் சொன்னது நேர்மாறான தவறு. பழகப் பழகத்தான் சிலருக்கு இது வருகிறது.

வத்தல் தும்மல் வேறு, கோதுமைத் தும்மல் வேறு

நம் தொழிலில் இதைப் புரிந்துகொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. வத்தல் மூட்டையைத் தட்டினால் முதலாளி, கணக்குப்பிள்ளை, சுமை தூக்குபவர், வாங்க வந்தவர், தெருவில் போகிறவர் எல்லோரும் தும்முவார்கள். அது ஒவ்வாமை அல்ல. மிளகாயில் உள்ள காரச் சத்து யார் மூக்கையும் எரிக்கும். மிளகுத்தூளும் அப்படித்தான். மூட்டையை நகர்த்தினால் தும்மல் நின்றுவிடும். ஆனால் கோதுமை மாவைச் சலிக்கும்போது பத்துப் பேரில் ஒருவர் மட்டும் தும்முகிறார், அவருக்கு மட்டும் கண் அரிக்கிறது, அண்ணம் அரிக்கிறது, வேலை முடிந்து வீட்டுக்குப் போனபிறகும் மூக்கு ஒழுகுகிறது என்றால், அதுதான் ஒவ்வாமை. நாம் எல்லாத் தும்மலையும் வத்தல் கணக்கில் எழுதி மூடிவிடுகிறோம்.

சளியிலிருந்தும் இதைப் பிரித்தறியலாம். சளி ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். உடம்பு வலி, தொண்டை வலி, சில சமயம் காய்ச்சல் இருக்கும். ஒவ்வாமையில் காய்ச்சல் இராது, மூக்கில் வருவது பச்சைத் தண்ணீர்போல் இருக்கும், அரிப்பு பெரும்பாலும் இருக்கும், வாரக்கணக்கில் நீளும். 'எனக்கு வருஷம் பூராவும் சளி' என்று சொல்கிறவருக்குப் பெரும்பாலும் இருப்பது சளியே அல்ல.

தானியத் தூசி மனிதனைப் படுத்தும் என்பது புதுச் செய்தி இல்லை. இத்தாலிய மருத்துவர் ராமாஸ்ஸினி 1700ஆம் ஆண்டு தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் தானியம் சலிப்பவர்களுக்கும் அளப்பவர்களுக்கும் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். கோதுமை மாவால் ரொட்டி சுடுகிறவர்களுக்கு வரும் இளைப்புக்கு 'பேக்கரி ஆஸ்துமா' என்றே பெயர். இசப்கோல், ஆமணக்கு விதை, சோயா ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. ஆமணக்கு பொல்லாதது. 1928இல் அமெரிக்காவில் டொலிடோ நகரத்து ஆமணக்கெண்ணெய் ஆலையின் தூசி, ஆலைக்குள் கால் வைக்காத அக்கம்பக்கத்து ஜனங்களுக்கே இளைப்பைக் கொடுத்தது. ஆமணக்கு இருந்த சாக்கில் பிறகு காப்பிக் கொட்டையைக் கட்டி, அந்தச் சாக்கைக் கையாண்டவர்களுக்கு ஒவ்வாமை வந்ததையும் டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பழைய சாக்கு வாங்கும்போது நாம் ஓட்டை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறோம். அதில் முன்பு என்ன இருந்தது என்றும் கேட்க வேண்டும்.

பார்சிலோனாத் துறைமுகம்

நான் படித்ததில் என்னை அசர வைத்தது ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரத்தில் நடந்தது. 1981 முதல் 1987 வரை, அந்த ஊரில் சில நாட்கள் மட்டும் திடீரென்று ஏராளமானோர் மூச்சுத் திணறி ஒரே நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். மறுநாள் ஒன்றும் இராது. இப்படி 26 முறை. சிலர் உயிரும் இழந்தார்கள். ஆலைப் புகையா, வானிலையா என்று தேடித் தேடிப் பார்த்தும் பிடிபடவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுப் பதிவேட்டையும், துறைமுகத்தில் எந்த நாள் எந்தச் சரக்கு இறங்கியது என்ற பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இளைப்பு வந்த நாளெல்லாம் சோயாக் கொட்டை இறக்கிய நாள்! துறைமுகத்தில் இருந்த ஒரு சேமிப்புக் கோபுரத்தின் உச்சியில் தூசியைப் பிடிக்கும் துணிப்பை வடிகட்டி மாட்டப்படவில்லை. சோயாத் தோலின் தூசி காற்றோடு ஊருக்குள் போயிருக்கிறது. நோயாளிகள் ரத்தத்தைச் சோதித்தபோது சோயாவுக்கான ஐ.ஜி.இ. இருந்தது. 1989இல் முழு ஆராய்ச்சியும் வெளியாயிற்று. வடிகட்டி மாட்டியதும் பெரும் தாக்குதல்கள் அடங்கிவிட்டன.

இதில் கவனிக்க வேண்டியது, நோயைக் கண்டுபிடித்தவை இரண்டு பேரேடுகள். பேரேடு எழுதுவதில் நம்மை மிஞ்ச ஆள் உண்டா? நானும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தும்மல் வந்த நாள், நேரம், அப்போது கையாண்ட சரக்கு, மழையா வெயிலா என்று தம்பியை எழுதச் சொன்னேன், நானும் எழுதினேன். கடை அடைத்திருந்த நாளில் மூக்கு எப்படி இருந்தது என்பதையும் கட்டாயம் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் பொங்கல் விடுமுறையும் நன்றாக இருந்து, கடை திறந்ததும் ஆரம்பித்தால் காரணம் கடைக்குள் இருக்கிறது. வீட்டில் படுக்கையை விட்டு எழும்போதே தும்மினால் தலையணை, மெத்தைத் தூசியில் வாழும் உண்ணிகளைச் சந்தேகிக்கலாம். தெருவில் நடந்தால் வருகிறது என்றால் மகரந்தம். மூன்றும் கலந்தும் இருக்கும். நோட்டோடு போனால் டாக்டர் பாதி வேலையை அதிலேயே முடித்துவிடுவார்.

நமக்கு எது பருவம்?

இங்கிலாந்தில் புல் பூக்கும் கோடைதான் தும்மல் பருவம். ஜப்பானில் உலகப் போருக்குப் பின் மரத் தேவைக்காக மலை மலையாக நட்ட 'சுகி' மரங்கள் பூத்து, ஏறக்குறைய பத்தில் நான்கு பேர் இளவேனிலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அலைகிறார்கள். நம் பக்கம் விறகுக்கு என்று பரப்பி இன்று கண்மாய், தரிசு எல்லாம் அடைத்து நிற்கும் சீமைக் கருவேலத்தின் மகரந்தமும் ஒவ்வாமை தருவதே. பார்த்தீனியச் செடியும் அப்படி. அது 1950களில் புனேயில் கண்ணில் பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த தானியத்தோடு கலந்து வந்தது என்று கருதப்படுகிறது. ஆக அதுவும் மூட்டையில் வந்த சரக்குதான்.

ஆனால் கடைக்காரனுக்குப் பருவம் என்பது வரத்துக் காலம். தையில் புதுத் துவரை, மாசி பங்குனியில் புது மல்லி, புது வத்தல். அடுத்தது மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் கிட்டங்கியின் காற்றில் ஈரம் ஏற ஏற, தானியத்திலும் மாவிலும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் பெருகுகின்றன. நாம் பார்க்கும் வண்டும் அந்தும் வேறு. இவை ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இராது. உண்ணியின் கழிவும் செத்த உடலும் தூசியில் கலந்து மூக்கில் ஏறுகின்றன. பூஞ்சணமும் அதே ஈரத்தில் வளர்கிறது. எங்கள் தம்பிக்குக் கார்த்திகையில் முற்றியது தற்செயல் இல்லை.

கல்லாப் பெட்டியில் இருக்கும் மருந்து

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். மூக்கடைப்புக்கு விடும் சொட்டு மருந்துக் குப்பி ஒன்று என் கல்லாவில் மூன்று வருஷம் குடியிருந்தது. விட்டதும் மூக்கு திறக்கும், சொர்க்கம்தான். ஆனால் அதை நாலைந்து நாளுக்கு மேல் தொடர்ந்து விட்டால், மருந்து இறங்கியதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். மறுபடி விட வேண்டும். மருந்தே நோயாகிவிடுகிறது. அதை நிறுத்துவதற்கு நான் பட்ட பாடு பெரும் பாடு.

தும்மலுக்கு வாங்கும் பழைய ரக மாத்திரைகள் கேட்கும், ஆனால் தூக்கம் வரும். ஒரு மதியம் போட்டுக்கொண்டு 40 மூட்டை மல்லிக்கு முந்தின வாரத்து விலையைப் போட்டு பில் எழுதிவிட்டேன். பணத்தோடு போயிற்று. அதே மயக்கத்தில் ஏணி மேல் ஏறினாலோ வண்டி ஓட்டினாலோ என்ன ஆகும்? தூக்கம் குறைந்த புதிய மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேட்டு வாங்கலாம். இன்னும் ஆபத்து, சீட்டு இல்லாமல் பொட்டலத்தில் தரும் செட் மாத்திரை. அதில் சின்னதாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரை கலந்திருக்கலாம். ஒரே நாளில் தும்மல் நிற்கும். மாதக்கணக்கில் தின்றால் சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், எலும்பு தேயும். நம்மில் சர்க்கரைக்காரர் எத்தனை பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடிக்கடி தொல்லைப்படுகிறவர்களுக்கு டாக்டர்கள் முதலில் எழுதுவது மூக்கில் அடிக்கும் ஸ்பிரே. அதிலும் ஸ்டீராய்டுதான் இருக்கிறது, ஆனால் மிகச் சிறிய அளவில், மூக்கில் மட்டும் வேலை செய்கிறது. ஒரு நாளில் பலன் தெரியாது; தினமும் அடித்தால் சில நாளில் தெரியும். பலர் இரண்டு நாள் அடித்துவிட்டு 'கேட்கவில்லை' என்று தூக்கிப் போடுகிறார்கள். தலையைச் சற்றுக் குனிந்து, இடது மூக்குக்கு வலது கையால், வலது மூக்குக்கு இடது கையால் அடிக்க வேண்டும். நடுத் தண்டின்மேல் படக்கூடாது. கொதித்து ஆறிய நீரில் உப்புக் கரைத்து மூக்கைக் கழுவுவதும் நல்லது. மஞ்சள் பால் தொண்டைக்கு இதம் தரும், நானும் குடிக்கிறேன். அதனால் ஒவ்வாமை நிற்காது.

எந்தப் பொருள் ஒவ்வவில்லை என்று அறிய முன்கையில் துளித்துளியாக மருந்திட்டு ஊசி நுனியால் குத்திப் பார்க்கிறார்கள். பிளாக்லி தன் தோலைக் கீறியதன் வாரிசுதான் இது. இருபது நிமிஷத்தில் தடிப்பு தெரியும். அதற்குச் சில நாள் முன்பே தும்மல் மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். தம்பிக்குக் கோதுமையும் உண்ணியும் தடித்தன. எனக்கு உண்ணி மட்டும். ஒவ்வாத பொருளையே சிறுகச் சிறுக ஊசியில் ஏற்றிப் பழக்கும் சிகிச்சையும் 1911 முதல் உண்டு. மூன்று வருஷம் போல் நீளும். இதற்கென்று தேர்ந்த டாக்டரிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டும்.

நெஞ்சில் விசில் சத்தம், இரவில் எழுப்பும் இருமல், இறுக்கம் இவை வந்தால் கடையைப் பிறகு பார்க்கலாம், அன்றே டாக்டரைப் பாருங்கள். இன்ஹேலர் கொடுத்தால் வெட்கப்பட வேண்டாம். 'அது பழக்கமாகிவிடும், கடைசி மருந்து' என்பது வெறும் பேச்சு. மாத்திரையைவிடக் குறைந்த மருந்து நேரே நுரையீரலுக்குப் போகிறது, அவ்வளவுதான். எங்கள் தம்பியின் வீட்டார் பெண் பார்க்கும் நேரம் என்று அதை ஒளித்து வைத்தார்கள். அதனால் இன்னொரு இரவு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

கடைக்குள் செய்தவை

உலர் பெருக்கலை நிறுத்தினோம். லேசாகத் தண்ணீர் தெளித்துப் பெருக்குகிறார்கள், மூட்டை ஈரமாகாமல். காலிச் சாக்கை உள்ளே உதறக் கூடாது, பின்வாசலில்தான். மூட்டைகள் மரக்கட்டை மேல், சுவரை ஒட்டாமல். பழைய சரக்கு முதலில் வெளியே போக வேண்டும், மூலையில் கிடக்கும் உடைசல் மாவு உடனே போக வேண்டும். கிட்டங்கியில் யாரும் படுப்பதில்லை. வேலை முடிந்ததும் சட்டையை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறேன். அந்தத் தூசி குழந்தையின் தொட்டில் வரை போகக் கூடாது. தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டினால் நுண்தூசி நிற்காது. 2020இல் கொரோனாவுக்காக எல்லோரும் மாஸ்க் போட்டபோது, 'தும்மல் குறைஞ்சிருக்கே அண்ணாச்சி' என்று கணக்குப்பிள்ளையே சொன்னார். எங்களுக்கே அப்போதுதான் உறைத்தது. இப்போது மாவு, கோதுமை கையாளுகிறவருக்கு என்-95 கடைச் செலவில் வாங்குகிறோம்.

ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. அடைத்த கடைக்குள் காலையில் மூட்டமாகப் போடும் சாம்பிராணி, இளைப்புக்காரருக்கு ஆகாது. நாங்கள் சாமி படத்துக்கு விளக்கு மட்டும் ஏற்றுகிறோம். வியாபாரம் குறையவில்லை.

தம்பியைத் தானியத்திலிருந்து எடுத்து எண்ணெய், சோப்புப் பகுதிக்கு மாற்றினேன். 'வேலையை விட்டு நிறுத்தத்தான் அண்ணாச்சி வழி பார்க்கிறார்' என்று முதலில் பயந்தார். சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் இன்ஹேலரைச் சட்டைப் பையில் வெளிப்படையாக வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். போன கார்த்திகை நோட்டில் அவர் பக்கத்தில் இரண்டே வரிகள்தான் இருந்தன. என் பக்கத்தில் இன்னும் ஒன்பது இருக்கின்றன. கிட்டங்கியின் பின்சுவரில் காற்றை வெளியே தள்ளும் பெரிய ஃபேன் வைக்க ஆள் வந்து அளவெடுத்துப் போயிருக்கிறார். தைத் துவரை இறங்குமுன் மாட்டிவிடச் சொல்லியிருக்கிறேன்.